பரங்கிக்காய்ப் பால் கூட்டு

1878-ஆம் வருஷம் சென்னையில் ஒரு சமையல் புத்தகம் வெளியாயிற்று. எழுதியவர் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி. ‘வைவர்ன்’ என்பது அவருடைய புனைபெயர். பிரெஞ்சு தேசத்துப் பக்குவங்களை நம் நாட்டு அடுப்பில் எப்படிச் செய்விப்பது என்று துரைசானிகளுக்குப் பாடம் சொன்னார். சமையற்காரன் யாரானாலும் அவருக்கு ‘ராமசாமி’தான்!

துரைமார் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் காய்கறியைப் பாலேட்டுக் குழம்பில் அமிழ்த்தி, மேலே ரொட்டித் தூள் தூவி, சூட்டடுப்பில் வைத்துச் சிவக்க எடுப்பார்கள். நல்ல பண்டந்தான். ஆனால் அந்த வருஷத்தை மறுபடி பாருங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. நாமக்கல் அன்று அதற்குள் அடங்கிய ஊர்.

வானம் பார்த்த இந்தப் பூமிக்குப் பரங்கிக்கொடி எவ்வளவு பெரிய சகாயம் என்பது பாலேட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆடியில் குப்பைமேட்டோரம் விதை ஊன்றினால் போதும். கொடி கூரைமேல் ஏறிக்கொள்ளும். மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டைக்குப் பூக் கொடுக்கும். தையில் காய் கொடுக்கும். முற்றிய காய் மாதக்கணக்கில் கெடாது.

இத்தனைக்கும் அது வந்தேறி! அமெரிக்கக் கண்டத்துக் காய். 1492-ல் கொலம்பஸ் கடல் தாண்டும் வரையில் இந்தப் பக்கத்தில் அதைக் கண்டவர் இல்லை. ‘பிராங்க்’ என்ற ஐரோப்பிய இனப் பெயர் அராபியர், பாரசீகர் வாயில் புகுந்து, நம்மிடம் ‘பரங்கி’யாயிற்று. போர்த்துக்கீசியர் வந்ததும் அவர்களுக்கு அது ஒட்டிக்கொண்டது. பரங்கிமலையும் பரங்கிப்பேட்டையும் அந்த உறவுதான். வெண்பூசணியோ கடல் கடந்து வந்ததல்ல. இந்தப் பக்கத்துப் பழங்குடி.

கொங்குக் குடியானவர்கள் இந்தப் பரங்கி வாடையே படாமல், ‘அரசாணிக்காய்’ என்று வைத்துக்கொண்டார்கள். கலியாணப் பந்தலில் நடுகிற அரசாணிக்காலை நினைவூட்டும் பெயர். இதைவிட மரியாதையாக ஒரு விருந்தாளியை வீட்டுக்குள் அழைக்க முடியுமா?

எங்கள் பாட்டி பொங்கலுக்கு அதில் பால் கூட்டுச் செய்வாள். சூட்டடுப்புக் கிடையாது, விறகைப் பின்னுக்கு இழுத்துத் தணலாக்குவாள். பத்தையாக நறுக்கிய காயைக் கையளவு தண்ணீரில் குழையாமல் வேகவிட்டு, காய்ச்சிய பாலை ஊற்றி, அரிசிமாவைக் கரைத்து விடுவாள். கெட்டிப்பட்டதும் வெண்கலப் பானையை இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகுதான் வெல்லத்தூள். கொதியில் வெல்லம் விழுந்தால் பால் திரிந்துவிடும். கடைசியில் நெய்யில் கடுகும் ஒரு மிளகாய் வற்றலும் தாளிப்பாள். அந்த மிளகாயும் அதே அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்!

வேடிக்கை என்னவென்றால், தாத்தாவின் திவசத்தில் மிளகாய்க்கு இடமில்லை; மிளகுதான். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் சீமைக்காய் என்று வாசலோடு நின்றுவிடும். பெயரிலேயே பரங்கியைச் சுமக்கிற காய் மட்டும் கூசாமல் இலையில் உட்கார்ந்திருக்கும்.

“இது மட்டும் எப்படிப் பாட்டி?” என்று கேட்டேன்.

“உங்க தாத்தாவுக்கு ரொம்பப் பிடிக்குமேடா” என்றாள்.