ஃபோர்ட்ரான்: இந்திய வரலாறு

ஃபோர்ட்ரான், அறிவியல், பொறியியல் கணக்குகளுக்கென ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு உருவாக்கிய நிரல்மொழி. இதன் முதல் கம்பைலர் 1957 ஏப்ரலில் ஐபிஎம் 704 கணினிக்காக வெளிவந்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கும் உயர்நிலை நிரல்மொழிகளுள் இதுவே மூத்தது. இந்தியாவில் 1960களில் கால்பதித்தது. பள்ளி, கல்லூரிப் பாடத்திட்டங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தும் விட்டது. ஆனால் தில்லிக்கான மழை, வெயில், காற்றுமாசு முன்கணிப்புகளைக் கணக்கிடும் நிரல்களின் பெரும்பகுதி இன்றும் இம்மொழியில்தான் இருக்கிறது.

கான்பூரும் கார்டுக் கட்டுகளும்

இம்மொழி இந்தியாவில் பரவிய கதை பெருமளவு ஓர் இடத்தின் கதை. 1963 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தது. விந்தையான இயந்திரம் அது. கூட்டுவதற்கென்று அதனுள் தனிச் சுற்று கிடையாது. கூட்டல் வாய்பாட்டையும் பெருக்கல் வாய்பாட்டையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துப் பார்த்து விடை சொல்லும். அதை வைத்துக்கொண்டு ஐஐடி தன் மாணவர்களுக்கு ஃபோர்ட்ரான் கற்றுக்கொடுத்தது. அத்தோடு நிற்காமல், நாடெங்கிலுமிருந்து ஆசிரியர்களையும் ஆய்வாளர்களையும் வரவழைத்துப் பத்து நாள் பயிற்சி வகுப்புகளையும் நடத்தியது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1964இல் வந்த சிடிசி 3600 இதைவிடப் பன்மடங்கு வலிமையான கணினி. ஆனாலும் மொழியை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த பெருமை கான்பூரின் சிறிய இயந்திரத்துக்கே உரியது.

அன்று நிரல் என்றால் பஞ்ச் கார்டுக் கட்டு. ஒரு வரிக்கு ஒரு கார்டு, கார்டுக்கு 80 பத்தி. முதல் ஐந்து பத்திகள் வரி எண்ணுக்கு. முந்தைய கார்டின் வரி தொடர்கிறது என்றால் ஆறாவது பத்தியில் ஒரு குறி. 7 முதல் 72 வரை கட்டளை. கடைசி எட்டைக் கம்பைலர் படிக்கவே படிக்காது. கட்டு கைதவறிச் சிதறினால் மறுபடி அடுக்குவதற்காக அந்த எட்டில் வரிசை எண்ணைத் துளையிட்டு வைப்பார்கள். துளையிட்ட கட்டைக் கணினி அறையில் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாளுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தப்பினால் மீண்டும் முதலிலிருந்து. பொறுமையைக் கற்பித்ததில் இந்த முறைக்கு ஈடில்லை என்று அக்கால மாணவர்கள் சொன்னால் அதில் கொஞ்சம் மிகையும் நிறைய உண்மையும் இருக்கும்.

கான்பூரின் அந்தப் பயிற்சி வகுப்புகளை நடத்தியவர்களில் முதன்மையானவர் வைத்தீஸ்வரன் இராஜாராமன். 1933இல் ஈரோட்டில் பிறந்து தில்லியில் வளர்ந்தவர். புது தில்லியில் மதராசி கல்விக் கழகத்தின் பள்ளியில் படித்துவிட்டு, செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றார். ஃபோர்ட்ரானை வைத்து நிரலாக்கம் கற்பிக்கும் இராஜாராமனின் நூல் 1969இல் மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் வெளிவந்தது. அதற்கு முன் வெளிநாட்டுப் புத்தகம் அல்லது ஐபிஎம் கையேடு, இரண்டில் ஒன்றுதான் கதி. மொழி மாற மாற அவரும் புதிய நூல்கள் எழுதினார். ஃபோர்ட்ரான் 90, 95 பற்றிய நூல் 1997இல் வந்தது. 1980களில் எம்.சி.ஏ. படிப்பு தொடங்கக் காரணமான பரிந்துரையைத் தந்ததும் அவர் தலைமையிலான குழுவே.

கணினிகளும் பெருகின. 1960களின் இறுதியில் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு ஐபிஎம் 360/44 வந்தது; 1973இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155. அதன் பின் நடந்தது சுருக்கமாக: பொறியியல் கல்லூரிகளில் ஒரு தலைமுறைக்கு முதல் நிரல்மொழி ஃபோர்ட்ரானாக இருந்தது, பிறகு அந்த இடத்தை சி மொழி பிடித்துக்கொண்டது.

வானிலையும் காற்றும்

வகுப்பறையை இழந்த மொழி வானிலை ஆய்வில் வேரூன்றியது. நடுத்தர கால வானிலை முன்கணிப்புக்கான தேசிய மையம் 1988இல் புது தில்லியில் தொடங்கப்பட்டது. அதற்காக அமெரிக்காவிடம் இந்தியா கேட்டது கிரே எக்ஸ்-எம்பி/24 என்னும் மீத்திறன் கணினி. அமெரிக்கா கொடுத்தது அதைவிடச் சிறிய எக்ஸ்-எம்பி/14. (சொந்தமாக மீத்திறன் கணினி செய்ய சி-டாக் நிறுவனம் பிறந்ததும், 1991இல் பரம் கணினி வந்ததும் இந்த இழுபறியின் விளைவுகள்.) தில்லி லோதி சாலையில் 1989இல் இயங்கத் தொடங்கிய அந்தக் கிரே, ஒரு வரிசை எண்கள் முழுவதையும் ஒரே மூச்சில் கணக்கிடும் வகையைச் சேர்ந்தது. ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபோர்ட்ரானின் டூ சுழலைக் கொடுத்தால் அதன் கம்பைலரே அதை அந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். 1994 ஜூன் முதல் டி80 என்னும் உலகளாவிய வானிலை மாதிரி அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது.

மையம் பின்னர் நொய்டாவுக்குக் குடிபெயர்ந்தது. கணினிகள் பலமுறை மாறின, மாதிரிகளும் மாறின. பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் மாதிரியைத் தழுவி இப்போது அங்கே ஓடுவதும் ஃபோர்ட்ரான். 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட 8.24 பெட்டாஃபிளாப் திறனுள்ள அருணிகா கணினியிலும் அதே மொழிதான்.

தில்லிவாசிகளுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு 2018 அக்டோபரில் தொடங்கிய காற்றுத்தர முன்னெச்சரிக்கை அமைப்பு. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நடத்துவது. டபிள்யூஆர்எஃப்-கெம் என்னும் அதன் மாதிரி ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. தில்லியை 400 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் அளவுக்கு நுணுக்கமானது. அந்த அளவில் பார்த்தால் மேற்கு தில்லியின் ஜனக்புரி குடியிருப்புப் பகுதி ஒற்றைப் புள்ளியாக இருப்பதில்லை; பங்கா சாலையோரம் ஒரு கட்டம், உள்ளே தள்ளிய பிளாக்குகளில் வேறு கட்டங்கள் என்று பிரிந்துவிடும். பஞ்சாப், அரியானா வயல்களில் வைக்கோல் தாள் எரியும் புகை, வாகனப் புகை, காற்றின் திசை, இரவில் தாழும் காற்றடுக்கு எல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் சமன்பாடுகளாகத் தீர்க்கப்படுகின்றன.

ஏன் இதை மாற்றி எழுதவில்லை? பழக்கதோஷம் என்பது பாதி விடைகூட இல்லை. ஒரு துணைநிரலுக்குக் கொடுக்கப்படும் இரண்டு எண்வரிசைகள் நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழாது என்று ஃபோர்ட்ரான் கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். மொழியின் விதியே அதற்கு இடம் தருகிறது. அதனால் கணக்கைத் தயங்காமல் வேகப்படுத்த முடியும். சி மொழிக்கு இதே வாக்குறுதியைச் சொல்லும் வழி 1999இல்தான் வந்தது. இதைவிடப் பெரிய காரணம், பல ஆண்டுக் கணிப்புகளை நடந்த வானிலையோடு ஒப்பிட்டுத் திருத்தித் திருத்தி வந்த நிரல் அது. புதிதாக எழுதினால் அந்தச் சோதனை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். மாற்றியவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்து வானிலைத் துறை தன் காஸ்மோ மாதிரியின் மையப் பகுதியை சி++ மொழியில் எழுதி 2016இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதன் அடுத்த மாதிரியான ஐகானில் மீண்டும் ஃபோர்ட்ரான்.

மொழியும் 1957இல் உறைந்துபோகவில்லை. கார்டின் பத்திக் கணக்கு கட்டாயம் என்ற நிலையை மாற்றியது ஃபோர்ட்ரான் 90. அண்மைத் தரம் 2023இல் வெளிவந்தது. இன்று ஃபோர்ட்ரானைக் கேலி செய்பவர்களில் பலர் கேலி செய்வது 1977ஆம் ஆண்டின் மொழியை.

இன்றைய நிலை

சிபிஎஸ்இ மேல்நிலைக் கணினி அறிவியலில் சி++ போய், 2018க்குப் பிறகு பைத்தான் வந்தது. ஜனக்புரியில் பைத்தான் படிக்கும் மாணவி நாளை சைப்பை நூலகத்தைக் கொண்டு நேரியல் சமன்பாடுகளைத் தீர்த்தால், அடியில் வேலை செய்வது 1992இல் வெளிவந்த லாபேக் என்னும் நிரல்தொகுப்பின் வழிமுறைகள். அதன் மூல வடிவம் ஃபோர்ட்ரான். சைப்பை குழு தன் பழைய ஃபோர்ட்ரான் 77 பகுதிகளை சி மொழிக்கு மாற்றிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மறுபுறம், நிரல்மொழிகளின் டியோபி தரவரிசையில் ஃபோர்ட்ரான் 2024 ஏப்ரலில் முதல் பத்துக்குள் வந்தது. கூகுளின் கோடைகாலத் திட்டம் வழியாக ஃபோர்ட்ரான் கருவிகளைச் செப்பனிடுவோரில் இந்திய மாணவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, இந்தியாவில் ஃபோர்ட்ரானுக்கு இல்லாதது பயன்பாடு அல்ல, பயிற்சி. கான்பூரில் பத்து நாளில் கற்பித்த மொழி அது. வானிலைத் துறையும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அத்தகைய குறுகிய வகுப்புகளை மீண்டும் தொடங்கினால், முன்கணிப்பு நிரல்களைப் பராமரிக்கப் போகும் அடுத்த தலைமுறைக்கு உதவியாக இருக்கும்.