36 கலங்களும் ஓர் உறையும்

சூரிய மின்சாரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1954ஆம் ஆண்டில் வந்து நின்றுவிடுகின்றனர். அவ்வாண்டு ஏப்ரல் 25ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தார், சிலிக்கானால் ஆன மின்கலங்களை ஒளியில் காட்டி ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றவிட்டனர். டாரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகிய மூவரின் பெயர்களும் அன்றே வரலாற்றில் ஏறிவிட்டன. பாடநூல்கள் இவ்விடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த வரியிலேயே இன்றைய கூரைகளின்மேல் காணும் சோலார் பேனலுக்குத் தாவிவிடும். கலம் எவ்வாறு பலகையாயிற்று என்ற கதை இடையில் விடுபட்டுப் போகிறது. நாம் இக்கட்டுரையில் காண விழைவது அந்த விடுபட்ட பகுதியையே. அப்பகுதியை ஆலைகள் ஏதுமின்றி, மேசையும் சூட்டுக்கோலும் கொண்டு தம் கைகளாலேயே மறுபடி நடத்திப் பார்த்தோரும் உண்டு. அவர்களையும் இதன் ஊடே சந்திப்போம்.

கலம் வேறு, பலகை வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்வருவன விளங்கும். ஒரு சிலிக்கான் கலம் என்பது அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத சில்லு. பொரித்த அப்பளத்தைப் போல, அழுத்திப் பிடித்தால் நொறுங்கும். வெயிலில் அது தருவது சுமார் அரை வோல்ட் மட்டுமே. கலத்தைப் பெரிதாக்கினால் மின்னோட்டம் கூடுமே அன்றி வோல்ட் கூடாது. ஆகவே வோல்ட் வேண்டுமாயின் ஒன்றன் முதுகை அடுத்ததன் முகத்தோடு இணைத்து வரிசையாகக் கோத்துச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. நெடுங்காலம் ஒரு பலகைக்கு 36 கலங்கள் என்பது வழக்காக இருந்தது. அதற்குக் காரணம் சூரியன் அன்று. 12 வோல்ட் ஈய பேட்டரி. அதற்கு மின்னேற்றச் சுமார் 14 வோல்ட் தேவை. வெயிலில் பலகை சூடேறும்போது கலத்துக்கு, பாகை ஒன்றுக்கு 2 மில்லிவோல்ட் அளவில் குறைந்துகொண்டே போகும். அந்த இழப்புக்கும் இடம் விட்டுக் கணக்கிட்டால் 18 வோல்ட். அதாவது 36 கலம்.

இவ்விணைப்பைச் செய்வது ஈயம் பூசிய மெல்லிய செப்பு நாடா. பொற்கொல்லர் மொழியில் இணைக்கும் பொருளுக்குப் பற்றாசு என்று பெயர். (யாப்பிலக்கணம் பயின்றோர்க்கு ‘ஆசிடை நேரிசை வெண்பா’ நினைவுக்கு வரக்கூடும். அங்கே வரும் ‘ஆசு’ம் இதுவே. இலக்கணத்தார் பட்டறைக்குள் சென்று சொல் எடுத்து வந்திருக்கின்றனர் என்பது நமக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.) ஆனால் சூரியப் பலகையின் பற்றாசுக்கு ஒரு தொல்லை உண்டு. வெப்பத்தில் சிலிக்கான் விரிவதைக் காட்டிலும் செம்பு ஆறு மடங்குக்குமேல் விரியும். நாள்தோறும் பகலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் அது கலத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே கலத்துக்கும் கலத்துக்கும் இடையே நாடாவில் சிறு வளைவொன்று விட்டுப் பற்றவைக்க வேண்டும். விறைப்பாக இழுத்துப் பற்றவைத்த பலகை முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும்; சில பருவங்களில் இணைப்பு விட்டுப்போகும்.

பலகை என்ற எண்ணம் 1954க்கு முற்பட்டது. செலினியத்தின்மீது ஒளி பட்டால் மின்சாரம் தோன்றுவதை 1876இல் வில்லியம் கிரில்ஸ் ஆடம்ஸும் ரிச்சர்டு எவன்ஸ் டேயும் கண்டறிந்தனர். 1883இல் நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் ஃபிரிட்ஸ் என்பார், செலினியத்தின்மேல் ஊடுருவிப் பார்க்கும் அளவுக்கு மெல்லிய பொன்படலம் போர்த்திக் கலங்கள் செய்தார். அவற்றைச் சேர்த்துக் கூரைமேல் வைத்தார். ஒரு பலகையை ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸுக்கும் அனுப்பினார். சீமென்ஸ் அதனைப் பிரஷ்ய அறிவியற் கழகத்தின் முன் வைத்துப் பாராட்டினார். விழுந்த ஒளியில் 100இல் ஒரு பங்குகூட மின்சாரமாகவில்லை என்பது உண்மையே. ஆயினும் ‘வீட்டில் செய்த சோலார் பேனல்’ என்ற மரபுக்கு ஒரு முன்னோரைத் தேடினால் ஃபிரிட்ஸைத்தான் சொல்லவேண்டும்.

சேப்பினின் நோக்கம் மிக எளியது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளில் தொலைபேசி அமைப்புகளுக்கு வைத்த உலர் பேட்டரிகள் விரைவில் கெட்டுப்போயின. அதற்கொரு மாற்று வேண்டும். சிலிக்கான் கலம் பிறந்ததே ஈரத்துக்கு அஞ்சித்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஈரம் அதனையும் விடவில்லை. 1955 அக்டோபர் 4ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்ற ஊரில் ஒரு தொலைபேசிக் கம்பத்தின் உச்சியில் 432 கலங்கள் கொண்ட அடுக்கு ஏற்றப்பட்டது. வெள்ளோட்டம் வெற்றி. ஆனால் விலை? ஒரு வீட்டுக்கு வேண்டிய கலங்களை வாங்க 14 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று 1956இல் சேப்பினே கணக்கிட்டுச் சொன்னார். அத்தோடு பூமியில் அதன் கதை சில காலம் அடங்கிவிட்டது.

1958 மார்ச் 17இல் வான்கார்டு 1 செயற்கைக்கோள் தன் உடலில் பதித்த சிறு சிலிக்கான் கலங்களோடு விண்ணுக்குச் சென்றது. அதன் பேட்டரி அவ்வாண்டே ஓய்ந்தது. கலங்களோ 1964 வரை குரல் கொடுத்தன. இதனைக் கலத்தின் வெற்றி என்பர். உண்மைதான். ஆனால் விண்ணில் மழை இல்லை, பனி இல்லை, பறவை இல்லை, தூசி இல்லை என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். கதிர்வீச்சுக்கு எதிராகக் கலத்தின்மேல் ஒரு சிறு கண்ணாடி போதுமாயிருந்தது. பூமிக்கான பலகை எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு விண்வெளி எந்த விடையும் தரவில்லை.

இந்த இடைக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி பலரும் அறியாதது. 1962இல் பெல் நிறுவனம் உயர்நிலைப் பள்ளிகளுக்கென ஒரு செய்முறைப் பெட்டியை வெளியிட்டது. மாணவர் சிலிக்கான் வில்லையிலிருந்து தாமே ஒரு சூரியக் கலத்தைச் செய்துபார்க்க வழிகாட்டும் பெட்டி அது. உடன்வந்த நூலை எழுதியவர் வேறு யாருமல்லர், சேப்பினேதான். தாம் கண்டுபிடித்ததைச் சிறுவர் கைகளில் கொடுத்து ‘நீயும் செய்’ என்று சொல்லும் கண்டுபிடிப்பாளர்கள் வரலாற்றில் மிகச் சிலரே.

உறையின் கதை உண்மையில் தொடங்குவது 1973இல். எலியட் பெர்மன் என்ற வேதியியலார் எக்ஸான் நிறுவனத்தின் பொருளுதவியோடு சோலார் பவர் கார்ப்பரேஷனை நிறுவினார். அப்போது ஒரு வாட்டின் விலை 100 டாலர். அதனை 20 டாலர் அளவுக்கு இறக்கினார். எங்ஙனம்? மின்னணுத் தொழிற்சாலைகள் கழித்துக்கட்டிய சிலிக்கான் வில்லைகளை வாங்கினார். பளபளப்பாக்கும் வேலையை விட்டார். விலையுயர்ந்த மேற்போர்வைக்கு மாறாக அக்ரிலிக் தகட்டையும் சிலிகோன் பசையையும் பயன்படுத்தினார். (சிலிக்கான் தனிமம், சிலிகோன் ரப்பர் போன்ற பசை. ஓரெழுத்துப் பிழையில் பொருள் மாறும்.) கழித்த கலம், கையால் பற்றாசு, அக்ரிலிக், பசை: பிற்காலத்தில் வீட்டு மேசைமேல் பலகை செய்தோர் கையாண்டவை ஏறத்தாழ இவையே. ஆலையின் பிள்ளைப்பருவமும் அவர்களின் முயற்சியும் ஒரே முகம் கொண்டிருந்ததில் வியப்பில்லை.

அப்பலகைகள் மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் மேடைகளிலும் கடல் மிதவைகளிலும் விளக்கெரித்தன. ஆனால் நீண்ட நாள் நிற்குமா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. 1975 முதல் 1986 வரை பசடேனாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் அமெரிக்க அரசின் சார்பில் பலகைகளைத் தொகுதி தொகுதியாக வாங்கி, அவற்றை வதைத்துப் பார்த்தது. வதை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் இடுகிறோம். உறைபனியிலும் கொதிசூட்டிலும் மாற்றி மாற்றி வைத்தார்கள்; ஈரப்புழுக்கத்தில் அடைத்தார்கள்; பனிக்கட்டி உருண்டைகளை எறிந்தார்கள். சிலிகோன் பூசிய திறந்த மேற்பரப்பு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது தெரியவந்தது. இத்தேர்வுகளின் முடிவில் நிலைத்ததுதான் இன்றளவும் நாம் காணும் அமைப்பு: மேலே கடினப்படுத்திய கண்ணாடி; அதன்கீழ் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் நெகிழித் தாள்; அதன்கீழ் கலங்கள்; மறுபடி அதே தாள்; அடியில் ஒரு பின்தாள். காற்றை உறிஞ்சி நீக்கிச் சுமார் 150 பாகையில் அழுத்தினால் தாள் உருகிக் கலங்களைத் தன்னுள் புதைத்துக்கொள்ளும். காலில் அணியும் மென்செருப்புகளின் அடிப்பாகமும் இதே வகைப் பொருளால் ஆனதுதான்.

இதுவும் குறையற்றதன்று. கலிபோர்னியாவின் கரிசோ சமவெளியில் 1980களில் ஆர்க்கோ சோலார் அமைத்த 5 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையத்தில், ஒளியைக் கூட்டக் கண்ணாடிகள் வைத்ததன் விளைவாக அத்தாள் பழுப்பேறிப் போயிற்று. 1990களில் நிலையத்தைப் பிரித்தனர். பழுப்பேறிய பலகைகள் மின்கம்பி எட்டாத மலைவீட்டுக்காரர்களுக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்டன. நிறம் கெட்டதே தவிர ஈரம் உள்ளே புகவில்லை என்பதால் அவை மேலும் உழைத்தன.

இனிக் கைவினையாளர்களிடம் வருவோம். 1981இல் ரிச்சர்டு காம்ப் என்ற அமெரிக்க இயற்பியலார் சூரியக் கலங்களைப் பற்றி நடைமுறை நூலொன்று எழுதினார். எழுதியதோடு நில்லாமல், தனிக் கலங்களிலிருந்து பலகை கட்டும் கலையை ஏழை நாடுகளில் குடிசைத்தொழிலாகக் கற்பித்து அலைந்தார். அவர் சென்ற இடங்களில் ஒன்று நிகரகுவா. 1980களின் உள்நாட்டுப் போரில் அந்நாட்டின் வடபகுதியில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. கால் இழந்தோர், கை இழந்தோர் பலர். மனாகுவாவின் தேசியப் பொறியியல் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ‘குருப்போ ஃபெனிக்ஸ்’ என்ற குழு, 1990களின் இறுதியில் தொத்தோகால்ப்பா வட்டாரத்தில் கண்ணிவெடியில் உறுப்பிழந்தோர்க்குச் சூரியப் பலகை கட்டும் பயிற்சியைத் தொடங்கியது. பின்னர் அங்குள்ள சபானா கிராந்தே என்ற சிற்றூரின் பெண்கள் அதனை ஏற்றுத் தமக்கென ஒரு கூட்டுறவும் அமைத்தனர். ‘சூரியப் பெண்கள்’ என்பதே அவர்களின் பெயர்.

வயலுக்குச் செல்ல இயலாத ஒருவர் மேசைமுன் அமர்ந்து செய்யத்தக்க வேலை இது. மின்சாரம் எட்டாத வீட்டுக்கு ஒரு விளக்கு. செய்தவர்க்கு ஒரு வருவாய். பலகை எத்தனை ஆண்டு நிற்கும் என்ற கேள்விக்கு இங்கேதான் முழுப் பொருள் உண்டு என்பது நம் கருத்து. பொழுதுபோக்குக்குச் செய்தவரின் பலகை கெட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். இங்கே கெட்டால் ஒரு வீடு மறுபடி மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பும்.

பொழுதுபோக்காளர்களின் காலம் 2000களின் பிற்பாதி. சிலிக்கான் தட்டுப்பாட்டால் பலகைகள் விலையேறி நின்ற நேரம் அது. மாசசூசெட்ஸின் எவர்கிரீன் சோலார் நிறுவனத்துக் கலங்கள், ஓரம் நொறுங்கியவையும் தரத்தில் கழிந்தவையும், ஈபே ஏலத்தில் மலிவாகக் கிடைத்தன. 80க்கு 150 மில்லிமீட்டர் அளவு. வழியில் உடையாதிருக்க மெழுகில் தோய்த்துக் கட்டியாக அனுப்புவார்கள். வாங்கியவர் வெந்நீரில் இட்டு மெழுகை நீக்கி ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும். 36ஐக் கோத்தால் சுமார் 60 வாட். மரப்பலகை அடித்தளம், அக்ரிலிக் மூடி, ஓரங்களில் சிலிகோன். முதல் வெயிலில் அளவுமானியின் முள் 18ஐத் தாண்டியபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடமாட்டோம்.

ஆனால் சிக்கனம் என்று அவர்கள் சொன்னதை ஏற்பதற்கில்லை. அக்ரிலிக் வெயிலில் வளைந்தது. மூடிக்குள் காற்று இருந்தது. காற்றில் ஈரம் இருந்தது. இரவில் அது பனித்துளியாகிக் கலத்தின் வெள்ளிக் கோடுகளை அரித்தது. அதைவிடக் கொடியது நிழல். வரிசையில் ஒரு கலம் நிழலில் விழுந்தால் அது வெறுமனே ஓய்ந்திருப்பதில்லை. மற்ற 35 கலங்கள் தரும் ஆற்றலைத் தானே உண்டு சூடேறும். ஆலைப் பலகையில் இதற்கென மாற்றுவழி டையோடு வைக்கப்படும். அது இல்லாத, மரத்தால் ஆன பலகையில் அந்தச் சூடு எங்கே முடியும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வீட்டுக் கூரைமேல் ஏற்றத்தக்கது அன்று அது. இன்று பலகைகளுக்கான பன்னாட்டுத் தரம் 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1000 மணிநேரம் வைத்துச் சோதிக்கிறது. வீட்டு மேசையில் கட்டியதில் அதனைத் தாங்கியிருக்கக்கூடியவை அரிது.

பின்னர் விலை வீழ்ந்தது. 2011 ஆகஸ்டில் எவர்கிரீன் திவாலானது. 2012 வாக்கில் ஆலைப் பலகையின் மொத்த விலை வாட்டுக்கு ஒரு டாலருக்குக் கீழிறங்கியது. 2023க்குப் பின் 20 செண்டுக்கும் கீழ். கழித்த கலத்தின் விலைக்கே 25 ஆண்டு உத்தரவாதத்தோடு முழுப் பலகை கிடைக்கும்போது யார் மெழுகை உருக்குவார்?

சபானா கிராந்தேயின் பெண்கள் பலகை கட்டுவதோடு நின்றுவிடவில்லை. சூரிய அடுப்புகளைச் செய்தனர். அவற்றில் சமைத்துப் பரிமாறும் ஓர் உணவகத்தையும் திறந்தனர். அவ்வடுப்பும் கண்ணாடி மூடிய பெட்டியேதான். ஆனால் அதன் மூடிக்குள் ஈரம் படிந்தால், திறந்து துடைத்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளலாம்.