ஸ்போர்ட்ஸ் மோட்டாரா, குரூஸரா? முதலில் லைசென்ஸைப் பாருங்கள்

தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவர் வீடுகளில் பல காலமாக ஓடிக்கொண்டிருப்பது கப்சாய் மோட்டார்தான். அப்பா வேலைக்குப் போனதும் பிள்ளை பள்ளிக்குப் போனதும் அதில்தான். வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு ஆனதும் இளையோருக்குப் பெரிய மோட்டார் மீது ஆசை வருகிறது. குனிந்து பறக்கும் ஸ்போர்ட்ஸ் ரகமா, சாய்ந்து உட்கார்ந்து போகும் குரூஸர் ரகமா என்பதுதான் அப்போது எழும் கேள்வி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மோட்டார் வாங்க நினைப்போர் கவனிக்க வேண்டியவை இதோ.

லைசென்ஸ் எதை அனுமதிக்கிறது?

நம் இளையோரில் பெரும்பாலோரிடம் இருப்பது பி2 லைசென்ஸ். அதைக் கொண்டு 250 சிசி வரைதான் ஓட்டலாம். பலர் சறுக்குவது இங்கேதான்.

யமஹா ஆர்25 ஒரு ஸ்போர்ட்ஸ் மோட்டார். 249 சிசி, ஏறக்குறைய 35 குதிரைத்திறன். பி2 இருந்தால் போதும். சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 ஒரு குரூஸர். அதன் திறன் ஏறக்குறைய 20 குதிரைத்திறன்தான். ஆனால் இயந்திரம் 349 சிசி என்பதால் பி2 செல்லாது. "மெதுவாகப் போகிற வண்டிதானே" என்று வாங்கி ஓட்டினால், சட்டத்தின் முன் அது உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி அபராதம் விதிக்கப்படுவது ஒருபுறம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வழி உண்டு என்பதுதான் பெரிய ஆபத்து. அப்போது மருத்துவச் செலவும் மோட்டார் கடனும் குடும்பத்தின் தலையில் விழும். எனவே வண்டிக்கு முன்பணம் கட்டும் முன் பி லைசென்ஸ் வகுப்புக்குப் பதிந்துகொள்ளுங்கள்.

பி2-விலேயே குரூஸர் வேண்டுமென்றால் நம் நாட்டுத் தயாரிப்பான மொடெனாஸ் ஜாகோ 175 பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கக்கூடும். உதிரிப்பாகம் கிடைக்குமா என்று உங்கள் பட்டறைக்காரரிடம் முதலில் கேளுங்கள்.

தினமும் போகும் பாதை எது?

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் தினமும் வேலைக்கு வருபவர் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையை நம்பியிருப்பார். அது குறுகலானது, வளைவுகள் அதிகம். மழையில் தண்ணீர் தேங்கும் இடங்களும் உண்டு. அங்கே அகன்ற கைப்பிடியும் பக்கவாட்டுப் பைகளும் கொண்ட குரூஸர் சற்றுச் சிரமம் தரும். ஒடுங்கிய, எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் எளிதாகத் திரும்பும். ஆர்25-இன் எடை 170 கிலோவுக்குள். மீட்டியோர் 191 கிலோ.

நெரிசலில் நின்று நின்று போகும்போது நிலைமை மாறும். ஸ்போர்ட்ஸ் ரகத்தில் உடல் முன்னால் சாய்வதால் பாரம் மணிக்கட்டிலும் கழுத்திலும் இறங்கும். அதன் இழுவை முழுமையாகக் கிடைப்பது இயந்திரம் வேகமாகச் சுழலும்போதுதான். மீட்டியோரின் உச்ச இழுவை 4,000 சுற்றிலேயே வந்துவிடும். அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. வார இறுதியில் கோல சிலாங்கூர் வரை நிதானமாகப் போய்வர விரும்புவோருக்கு அது தோதானது. உலு யாம் மலை வளைவுகளை விரும்புவோருக்கு ஸ்போர்ட்ஸ் தோது.

பின்னால் உட்காருவது யார்?

அம்மாவைக் கோயிலுக்கும் மனைவியை வேலைக்கும் ஏற்றிச் செல்பவர் இதை மறக்கக்கூடாது. ஸ்போர்ட்ஸ் மோட்டாரின் பின் இருக்கை உயரமாகவும் சிறிதாகவும் இருக்கும். சேலை கட்டியவர் ஏறி இறங்குவது கடினம். குரூஸரில் பின் இருக்கை பொதுவாகத் தாழ்வு.

உயரம் குறைந்தவர்களுக்கும் குரூஸர் வசதி. ஹோண்டா ரெபெல் 500-இன் இருக்கை 690 மில்லிமீட்டர் உயரம்தான். இரு காலும் தரையில் நன்றாக ஊன்றும். இதற்கும் பி2 போதாது.

செலவு

ஆண்டுச் சாலை வரி 201 முதல் 250 சிசி வரை 50 ரிங்கிட், 251 முதல் 500 வரை 100 ரிங்கிட், 501 முதல் 800 வரை 250 ரிங்கிட். காப்புறுதி, டயர், சங்கிலி, பிரேக் கட்டை ஆகியவற்றின் விலையையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் மாதத் தவணையைப் பாருங்கள். வாங்கிய வண்டியைப் பராமரிக்கப் பணமில்லாமல் தேய்ந்த டயரில் ஓட்டுவதுதான் ஆபத்து.

உயிர் முக்கியம்

நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுடையது. புதிதாக அறிமுகமாகும் 150 சிசி, அதற்கு மேற்பட்ட மாடல்களுக்கு 2025 முதல் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். பழைய வண்டி வாங்குவோர் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஈரச் சாலையில் திடீரென பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை அது தடுக்கும்.

கடையில் உட்கார்ந்து பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதே ரக மோட்டார் வைத்திருக்கும் நண்பரின் பின்னால் அமர்ந்து, நீங்கள் தினமும் போகும் பாதையில் காலை நெரிசலில் ஒருமுறை போய்வாருங்கள். வீட்டில் பின்னால் உட்காரப் போகிறவரையும் ஒருமுறை உட்காரச் சொல்லுங்கள். அதன்பின் எந்த ரகம் என்று முடிவெடுப்பது சுலபமாகிவிடும்.