நடிகன் நீங்கிய நகைச்சுவை: அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் சித்திரத் தொடர்களான வரலாறு

நாடகத்தை நிலைநிறுத்துவது எழுத்தா, நடிப்பா என்னும் வினா மிகப் பழையது. அவ்வினாவுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரலாறு எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து விடை தருகின்றது. மாந்தர் நடித்துப் புகழ்பெற்ற குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் பாத்திரங்களையும், அவர்தம் குணவியல்புகளையும், கதைப்போக்கையும் எடுத்துக்கொண்டு, அவற்றை வரைந்த சித்திரங்களாக மாற்றி, வளர்ந்தோர் தொலைக்காட்சி பார்க்கும் மாலை வேளையில் ஒளிபரப்பும் வழக்கம் 1960ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் உண்டு. இம்மாற்றத்தில் எழுத்து பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றது, குரலும் நிற்கின்றது, நடிகனின் உடல் மட்டும் நீங்கிவிடுகின்றது. அவ்வாறு நீங்கியது எத்துணைப் பெரிது என்பதைச் சில தொடர்களைக் கொண்டு நோக்குதல் தகும்.

முதலிற் குறிப்பிடத்தக்கது 'த ஹனிமூனேர்ஸ்' என்னும் தொடராகும். 1951இல் சிறு நகைச்சுவைக் காட்சிகளாகத் தொடங்கிய இது, 1955 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் அரை மணி நேரத் தொடராக சி.பி.எஸ். நிறுவனத்தால் ஒளிபரப்பப்பட்டது. அவ்வடிவில் வெளிவந்தவை 39 அங்கங்களே. கதை நிகழுமிடம் நியூ யோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஒரு தொடர்மாடி வீட்டின் சமையலறை. ஒரு மேசை, சில கதிரைகள், அடுப்பு, பழைய பனிக்கட்டிப் பெட்டி, ஓர் அலுமாரி ஆகியவற்றைத் தவிர அங்கு வேறொன்றும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கதைத் தலைவன் ரல்ப் கிரம்டென் பஸ் சாரதி. மேல் வீட்டு நண்பன் நோட்டன் கழிவுநீர்க் குழாய்த் தொழிலாளி. திடீர்ச் செல்வம் தேடி ரல்ப் வகுக்கும் திட்டங்களும், அவை ஒவ்வொன்றாய்க் கவிழ்வதுமே கதை. வறுமையை மறைக்காது மேடையில் நிறுத்தி, அதன் நடுவே நின்று சிரிக்கவைத்த தொடர் இதுவெனலாம்.

இத்தொடரின் உயிர்நாடி நடிப்பிலேயே இருந்தது. நியூ யோர்க்கின் அடெல்பி அரங்கில், கூடியிருந்த மக்கள் முன்னிலையில் இது நடித்துப் படமாக்கப்பட்டது. ரல்ப் பாத்திரத்தை ஏற்ற ஜக்கி கிளீசன் ஒத்திகையை விரும்பாதவர். வசனம் மறந்துவிடின் தம் வயிற்றைத் தட்டுவார். உடன் நடிப்போர் குறிப்பறிந்து காட்சியைக் கொண்டுசெல்ல வேண்டும். இன்று நோக்குவோர்க்கு உறுத்தும் ஓர் அம்சமும் இதிலுண்டு. ரல்ப் சினமுற்று முட்டியை உயர்த்தி மனைவியை அடித்துவிடப் போவதாக மிரட்டுவான். எழுத்தில் மட்டும் படித்தால் இது கொடுமையே. மேடையிலோ, அலிஸ் பாத்திரத்தை ஏற்ற ஒட்றி மெடோஸ் கைகளைக் கட்டிக்கொண்டு, இமையும் அசையாது அவனைப் பார்த்து நிற்பார். அந்த மிரட்டல் வெறும் வாய்வீரம் என்பதைப் பார்வையாளர்க்கு உணர்த்தியது வசனமன்று, அம்முகமே. அவன் ஒருமுறையேனும் அடித்ததில்லை.

இத்தொடரைச் சித்திரமாக்கும் எண்ணம் விரைவிலேயே தோன்றியது. 1956ஆம் ஆண்டின் இறுதியில் வோணர் நிறுவனம், ரல்பையும் நோட்டனையும் எலிகளாக்கி 'த ஹனி-மவுசர்ஸ்' என்னும் சிறு காட்டூன் படமொன்றை வெளியிட்டது. அதில் அவ்விருவர்க்கும் குரல் கொடுத்தவர் டோஸ் பட்லர். அது ஒரு கேலி, அவ்வளவே. வரலாற்றைத் திருப்பிய முயற்சி வேறிடத்திலிருந்து வந்தது.

'ரொம் அன்ட் ஜெரி' படங்களுக்காக ஏழு ஒஸ்கார் விருதுகள் ஈட்டித்தந்த வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா ஆகிய இருவரும், எம்.ஜி.எம். நிறுவனம் 1957இல் தன் காட்டூன் பிரிவை மூடியமையால் தொழிலிழந்தனர். திரையரங்குக்கான ஏழு நிமிடக் காட்டூன் ஒன்றுக்கு 40,000 டொலருக்கு மேல் செலவிட்டுப் பழகியவர்கள், தொலைக்காட்சியில் ஐந்து நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 3,000 டொலரே பெறும் நிலைக்கு வந்தனர். எனவே சித்திரங்களின் தொகையைக் குறைத்தனர். உடல் அசையாது நிற்க, வாயும் கண்ணும் கையும் மட்டும் அசைந்தன. பாத்திரங்களுக்குக் கழுத்துப்பட்டி கட்டியமைக்கும் இதுவே காரணம்: தலையை மட்டும் தனியே வரைந்து மாற்றும்போது, உடலோடு அது பொருந்தும் கோட்டினைப் பட்டி மறைத்துவிடும். பாத்திரம் வீட்டுக்குள் ஓடும்போது ஒரே யன்னலும் ஒரே விளக்கும் திரும்பத் திரும்பக் கடந்து செல்வதைக் கண்டு சிரியாத சிறுவர் இல்லை. அசைவு குறையவே, சிரிப்பின் சுமை முழுவதும் வசனத்தின்மீதும் குரலின்மீதும் விழுந்தது. வசனத்தால் நடக்கும் குடும்ப நகைச்சுவைத் தொடரை அவர்கள் நாடியது தற்செயலன்று. கைக்கு எட்டிய செலவில் வரைந்து முடிக்கக்கூடிய நாடகம் அதுவே.

1960 செப்டெம்பர் 30ஆந் திகதி வெள்ளிக்கிழமை மாலை ஏ.பி.சி. நிறுவனம் 'த பிளிந்ஸ்ரோன்ஸ்' தொடரைத் தொடங்கியது. கற்காலத்தில் வாழும் பிரெட், அவன் மனைவி வில்மா, அயல்வீட்டு பார்னி, பெட்டி ஆகிய நால்வரும் புரூக்ளின் நால்வரின் மறுபதிப்புகளே. ஹன்னா இதனைப் பின்னாளில் மறைக்கவுமில்லை. கிளீசன் வழக்குத் தொடர எண்ணியதாகவும், தொடரை நிறுத்திய பழியைச் சுமக்க விரும்பாது விட்டுவிட்டதாகவும் ஒரு செய்தி வழங்கிவருகின்றது. தொடக்கத்தில் இதன் விளம்பரதாரர்களுள் வின்ஸ்ரன் சிகரெட் நிறுவனமும் ஒன்று. பிரெட்டும் பார்னியும் வீட்டின் பின்புறம் ஒதுங்கிச் சிகரெட் புகைக்கும் விளம்பரம் வரையப்பட்டது. தொடர் யாரை நோக்கியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. 1966 வரை 166 அங்கங்கள் வெளிவந்தன. மாலை நேரச் சித்திரத் தொடரொன்று இந்தத் தொகையைக் கடக்க 1997ஆம் ஆண்டு வரை காத்திருக்கவேண்டியிருந்தது. கடந்தது 'த சிம்சன்ஸ்'.

இம்மாற்றத்தில் முதலில் மறைந்தது வறுமை. பிரெட் கல்லுடைக்கும் தொழிலாளிதான். ஆயினும் அவனுக்குத் தனிவீடு உண்டு, வாகனம் உண்டு. குப்பையை உண்ணும் பன்றியும், தும்பிக்கையால் பாத்திரம் கழுவும் யானையும் வீட்டுவேலை செய்கின்றன. தொலைபேசிக்கு வழியற்ற சமையலறை, நவீன சாதனங்கள் யாவும் நிறைந்த குகையாயிற்று. மேடையில் ஒரு பொருளைக் கூட்டப் பணம் வேண்டும். தாளில் கூட்டக் கோடொன்று போதும். வறுமையைக் காட்டியே தீரவேண்டிய கட்டாயம் வரைபவனுக்கு இல்லை. இரண்டாவதாக மறைந்தது, மேற்கூறிய அலிஸின் முகம். வில்மா கூர்மையாகப் பேசுகிறாள். எனினும் வாயும் கண்ணும் மட்டும் அசையும் முகத்தில் அந்த அசையாமைக்குப் பொருளில்லை. எல்லா முகங்களும் அசையாதிருக்கும் இடத்தில் ஒரு முகத்தின் அமைதி எங்ஙனம் புலப்படும்? அரங்கத்து மக்களின் சிரிப்புக்குப் பதிலாக, பதிவுசெய்யப்பட்ட சிரிப்பொலி சேர்க்கப்பட்டது. 1961 ஜனவரியில் பார்னிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் கார் விபத்தில் படுகாயமுற்றார். சில அங்கங்களுக்கு அதே டோஸ் பட்லர் குரல் கொடுத்தார். பின்னர் பிளாங்க் படுக்கையிற் கிடந்தவாறே பதிவு செய்தார். ஒளிபரப்பு தடைப்படவில்லை. வரைந்த பாத்திரத்தின் வலிமை அது. அதன் மறுபக்கமும் அதுவே.

1961இல் இதே இருவர் தயாரித்த 'ரொப் கற்', இராணுவ முகாமில் சூதாடிப் பிழைக்கும் சார்ஜன்ட் பில்கோவை நகர ஒழுங்கையில் வாழும் பூனையாக்கியது. பில்கோ தொடரில் நடித்த மோரிஸ் கொஸ்பீல்ட் இதிலும் ஒரு பூனைக்குக் குரல் கொடுத்தார். 30 அங்கங்களோடு அது முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஏ.பி.சி. தொடங்கிய வேறொரு தொடரோ இன்று பலர் நினைவில் இல்லை. ஆயினும் இவ்வரலாற்றில் அதற்குரிய இடம் பெரிது. 'கல்வின் அன்ட் த கேணல்' என்பது அதன் பெயர்.

இதன் வேர் 1928இல் சிக்காகோ வானொலியில் தொடங்கிய 'ஏமொஸ் அன்ட் அன்டி' ஆகும். பிறீமன் கொஸ்டென், சார்ள்ஸ் கொறல் என்னும் வெள்ளையர் இருவர் கறுப்பின மக்களின் பேச்சைப் போலிசெய்து நடத்திய இந்நிகழ்ச்சி நாடு முழுவதையும் கட்டிவைத்தது. 1951இல் இது தொலைக்காட்சிக்கு வந்தபோது வெள்ளையர் நடிக்க இயலாமையால் கறுப்பின நடிகர்கள் தெரிவுசெய்யப்பட்டனர். கறுப்பினத்தவர் பெருந்தொகையாக நடித்த முதல் தொலைக்காட்சித் தொடர்களுள் இது ஒன்று. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசிய சங்கம் இதனை வன்மையாகக் கண்டித்தது. தம் இனத்தவர் ஒருவர்விடாமல் சோம்பேறிகளாகவோ ஏமாற்றுக்காரராகவோ காட்டப்படுகின்றனர் என்பது அதன் குற்றச்சாட்டு. நடித்தோருள் சிலரோ, இதுவன்றி எமக்கு வேறு தொழில் எங்கே என்று கேட்டனர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. டிம் மூர் போன்ற தேர்ந்த நடிகர்கள் இழிவான எழுத்துக்கும் ஒரு மனிதத்தன்மையை ஏற்றினர் என்பதைப் படத்தைப் பார்ப்போர் மறுக்கமாட்டார். 1953இல் புதிய அங்கங்கள் நின்றன. மறு ஒளிபரப்பும் 1966இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் வந்ததே மேற்கூறிய சித்திரத் தொடர். தெற்கிலிருந்து வடக்கு நகரொன்றுக்குக் குடிவந்த தந்திர நரியும் மந்த புத்திக் கரடியும் இதன் தலைமைப் பாத்திரங்கள். நரிக்குக் கொஸ்டெனும் கரடிக்குக் கொறலும் குரல் கொடுத்தனர். வானொலி நாட்களில் அவர்களுக்கு எழுதிய கொனலி, மோஷர் ஆகியோரே இதிலும் எழுத்துப் பொறுப்பை ஏற்றனர். பழைய கதை, பழைய குரல், பழைய ஏமாற்று. தோலின் நிறம் மட்டும் இல்லை. கண்டனத்துக்கு விடையாக எழுத்து மாற்றப்படவில்லை. கண்டனத்துக்கு இடமளித்த உடலே அகற்றப்பட்டது. அதனோடு, அவ்வுடல்களுக்குரிய நடிகர்களின் தொழிலும் போயிற்று. எழுத்தின் இழிவைத் தம் நடிப்பால் ஓரளவேனும் ஈடுசெய்தவர்கள் நீங்க, அவ்விழிவை முதலில் உருவாக்கியவர்கள் மீண்டும் வந்தமர்ந்தனர். 26 அங்கங்களோடு தொடர் நின்றது. நின்றமைக்குக் காரணம் அறச்சீற்றம் அன்று, பார்ப்போர் குறைவு.

இதன்பின் சித்திரத் தொடர்கள் சனிக்கிழமைக் காலைக்குத் தள்ளப்பட்டுச் சிறுவர்க்குரியனவாயின. 1970களில் 'பிறாடி பன்ச்', 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' போன்ற தொடர்கள் அவ்வாறு மாற்றப்பட்டன. அவற்றைப் பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை. வளர்ந்தோர்க்கென அக்காலத்தில் எழுந்த தனி முயற்சி, 1972 முதல் 1974 வரை 48 அங்கங்களாக ஹன்னா-பார்பரா நிறுவனம் தயாரித்த 'வெயிற் ரில் யுவர் பாதர் கெற்ஸ் ஹோம்'. நோமன் லியரின் 'ஓல் இன் த பமிலி' தொடரைத் தழுவியெழுந்த இதில், மூலத்தில் தந்தையிடமிருந்த வெறுப்பும் அச்சமும் அயல்வீட்டுக்காரனுக்கு மாற்றப்பட்டன. தந்தை நடுவில் நின்று வியக்கும் நல்லவரானார். கரோல் ஒகொனர் தம் முகத்தில் வெறுப்பையும் அன்பையும் ஒருங்கே தாங்கினார். சித்திரத்தில் அவை இரண்டு ஆட்களாகப் பிரிந்தன.

லியரின் வேறொரு தொடர் அரை நூற்றாண்டின் பின் இவ்வழக்கத்துக்கு உட்பட்டது. 2024 ஏப்பிரல் 12ஆந் திகதி நெற்பிளிக்ஸ் நிறுவனம் 'குட் ரைம்ஸ்' தொடரை வளர்ந்தோர்க்கான சித்திரத் தொடராக, பத்து அங்கங்களில் வெளியிட்டது. சிக்காகோ அரச தொடர்மாடியில் வாழும் எவன்ஸ் குடும்பத்தின் பின்வந்த தலைமுறை இதில் வருகின்றது. கைக்குழந்தை ஒன்று போதைப்பொருள் விற்கின்றது. முன்னோட்டக் காட்சி வெளிவந்த மார்ச் மாதத்திலேயே, கறுப்பினக் குடும்பத்தை இழிவுபடுத்துகின்றது என்ற கண்டனம் எழுந்துவிட்டது. 1961ஆம் ஆண்டின் நிலைமையே இதுவென்று கூறுதல் பொருந்தாது: தொடரை நடத்தியவரும் முதன்மைக் குரல்களைத் தந்தோரும் கறுப்பினத்தவரே. அங்கதமே தம் நோக்கம் என்பது ஆக்கியோர் பக்க விளக்கம். அவ்வாறாயின் மூலத் தொடரில் இருந்து இதில் இல்லாமற்போனது எது? அதனை அறிய 1974ஆம் ஆண்டுக்குத் திரும்பவேண்டும்.

மூலத் தொடரில் தாயாக நடிக்க எஸ்தர் ரோல் அழைக்கப்பட்டபோது, குடும்பத்தில் தந்தை இருந்தாக வேண்டும் என்பதை அவர் நிபந்தனையாக வைத்தார். தந்தையற்ற கறுப்பினக் குடும்பம் என்ற வாய்பாட்டில் நடிக்க அவர் இசையவில்லை. அதனாலேயே ஜோன் ஏமஸ் தந்தையாக வந்தார். மூத்த மகன் ஜே.ஜே. கோமாளித்தனத்தால் புகழ்பெறவே, எழுத்தாளர் கதையை அவன்பக்கம் சாய்த்தனர். ரோல் 1975இல் பத்திரிகை வாயிலாகவே தம் அதிருப்தியை வெளியிட்டார். எழுத்தாளரோடு ஓயாது வாதிட்ட ஏமஸ் 1976இல் நீக்கப்பட்டார். தந்தை விபத்தில் இறந்ததாகக் கதை எழுதப்பட்டது. 1977இல் ரோலும் விலகினார். அவரிடத்தில் வேறொருவரை நிறுத்த இயலவில்லை; தொடர் தாயின்றியே ஓராண்டு நடந்தது. ஜே.ஜே. பொறுப்புள்ள இளைஞனாக எழுதப்படவேண்டும் என்று கேட்டு 1978இல் அவர் மீண்டும் வந்தார். 1979 ஓகஸ்ட் முதலாந் திகதி ஒளிபரப்பான இறுதி அங்கத்தில், ஓவியம் பழகிய ஜே.ஜே. தான் வரைந்த சித்திரக்கதைப் பாத்திரமொன்றை வெளியீட்டு நிறுவனத்துக்கு விற்கின்றான்.