விருதுப் பட்டியலும் விஜயபுரத்துப் பிள்ளையும்

சித்தூர் மாவட்டத்தில் நகரியை அடுத்து, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது விஜயபுரம் மண்டலம். அதுவரை இதே மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, அதன் இருபுறமும் இரண்டு மொழிகள் புழங்குவது நிற்கவில்லை. விஜயபுரம், சத்தியவேடு பக்கம் வீட்டில் தமிழ் பேசிவிட்டுப் பள்ளியில் தெலுங்கு எழுத்துப் பழகும் பிள்ளைகள் உண்டு. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் கதை தலைகீழ்: 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய பின், வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாகப் பலர் வளர்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்குவது என்று கேட்டால், பெரும்பாலோர் கை நீட்டுவது விருதுப் பட்டியலை நோக்கித்தான். பரிசு பெற்ற நூல் பழுதாகாது என்பது நம்பிக்கை. ஒருமொழி வாசகருக்கு ஓரளவு பொருந்தும் அந்த நம்பிக்கை, எல்லைப்புறப் பிள்ளைக்குப் பொருந்துவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சாகித்திய அகாதெமி பால சாகித்திய புரஸ்காரை 2010இல் தொடங்கியது. 24 மொழிகளில், மொழிக்கு ஒன்றாக, 50,000 ரூபாயும் பட்டயமும் வழங்கப்படுகின்றன. தமிழில் முதல் விருது மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’க்குக் கிடைத்தது. ஆனால் 2016இல் குழ. கதிரேசன், 2017இல் வேலு சரவணன், 2019இல் தேவி நாச்சியப்பன் ஆகியோர் ஒரு நூலுக்காக அன்றி ஒட்டுமொத்தப் பங்களிப்புக்காகப் பாராட்டப்பட்டனர். அவர்களுக்கு அது உரிய மரியாதை. கடையில் நிற்கும் தகப்பனுக்கோ, எந்த நூலைக் கேட்பது என்று அதிலிருந்து தெரியாது. இன்னொன்று, இவ்விருது ஏறத்தாழ 9 முதல் 16 வயதுவரையிலான வாசகரை மனத்தில் கொண்டது. வீட்டுமொழிக்கும் பள்ளிமொழிக்கும் நடுவே ஒரு பிள்ளை தடுமாறுவது ஐந்து முதல் எட்டு வயதுக்குள். படக்கதைகள் மிகவும் தேவைப்படும் அந்த வயதைப் பற்றிப் பட்டியல் பேசுவதே இல்லை.

தேர்ந்தெடுப்பவர் யார் என்பதும் கவனிக்கத் தக்கது. அமெரிக்காவில் 1922 முதல் வழங்கப்படும் நியூபெரி பதக்கத்தைக் குழந்தை நூலகர் சங்கத்தின் குழு முடிவு செய்கிறது. எந்தப் புத்தகம் திரும்பத் திரும்ப இரவல் போகிறது என்பதை அன்றாடம் பார்ப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். ஜெர்மனியின் இளையோர் இலக்கியப் பரிசில் இளைய வாசகருக்கென்றே தனி நடுவர் குழு உண்டு. நம் விருதுகளில் எழுத்தாளரை எழுத்தாளரே மதிப்பிடுகிறார்கள். அதனால் நடையழகுக்குக் கிடைக்கும் இடம், வாசிப்பவரின் மூச்சுக்குக் கிடைப்பதில்லை.

இவற்றைவிட அடிப்படையான குறை, பட்டியல் மொழிவாரியாகப் பிரிந்து கிடப்பது. தமிழ் விருது தமிழ் வாசகருக்கு, தெலுங்கு விருது தெலுங்கு வாசகருக்கு என்ற பிரிவினை, ஒரு பிள்ளைக்கு ஒரு மொழிதான் என்று எடுத்துக்கொள்கிறது. விஜயபுரத்துப் பிள்ளையின் காது தமிழிலும் கண் தெலுங்கிலும் இருக்கிறது. தமிழில் பரிசு பெற்ற நூலை அதனால் எழுத்துக்கூட்ட முடியாது. தெலுங்கில் பரிசு பெற்ற நூலை எழுத்துக்கூட்டலாம், ஆனால் பாதிச் சொற்கள் வீட்டில் காதில் விழாதவை. இரண்டு முத்திரைகள் இருந்தும் கைக்கு ஒன்றும் எட்டவில்லை.

இதே நிலத்துக்கு இரண்டு மொழிகளிலும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்த வாசிப்பு முன்பு இருந்தது. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் தொடங்கினர். ஒரே கதை, ஒரே படம், மொழி மட்டும் வேறு. தெலுங்குப் பதிப்பைப் பல்லாண்டு கவனித்துக்கொண்ட கொடவடிகண்டி குடும்பராவ் சிறந்த சிறுகதையாளர்; நடை அங்கே விருந்தாளிபோல் விறைத்து உட்காராது. சித்ராவும் சங்கரும் வரைந்த படங்கள் மூன்றாவது மொழியாகவே வேலை செய்தன. அண்ணன் தெலுங்கிலும் பாட்டி தமிழிலும் ஒரே வேதாளத்தைப் பற்றிப் பேசிக்கொள்ள முடிந்தது என்றால் அதற்குக் காரணம் விருதல்ல, அமைப்பு. அந்த இதழின் கதைகளில் ராஜாக்களும் முனிவர்களும் மிகுதி, பெண்பிள்ளைகளுக்கு இடம் குறைவு என்ற குறை நியாயமானது. அதற்காக அந்த அமைப்பின் பெறுமதி குறைந்துவிடாது.

எல்லையின் இருபுறத்துப் பிள்ளைக்கும் எட்டுமா என்ற அளவுகோலோடு தமிழ்ப் பட்டியலை மறுபடி பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது. 2014இல் விருது பெற்ற இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ விக்கிரமாதித்தன் மரபைப் பிடித்துக்கொண்டு அறிவியல் பேசுகிறது. எல்லைக்கு இருபுறமும் அந்தப் பெயரைக் கேட்ட பிள்ளை பாதி வழி ஏற்கெனவே வந்தாயிற்று. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020) பாலியல் சீண்டலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சிறுமிக்கு வழி காட்டும் கதை. அதில் பேசும் மரப்பாச்சி, சேஷாசல மலைச் செம்மரத்தில் கடைந்து திருப்பதியில் சோடியாக விற்கும் பொம்மையின் இனம்தான். விளக்கம் வேண்டாத பொருளிலிருந்து கடினமான விஷயத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போக முடிகிறது. ஆசிரியர் முன்கூட்டிப் படித்துவிட்டுத் தர வேண்டிய நூல் அது. வேலு சரவணனின் பங்களிப்போ குழந்தைகள் நாடகம். நூல் வாங்குவோருக்கு வழிகாட்டாத விருது என்று மேலே சொன்ன ஒன்றே, எழுத்து தெரியாமல் காது மட்டும் தமிழில் இருக்கும் வகுப்புக்கு எல்லாவற்றிலும் நெருக்கமாக வந்து நிற்கிறது.

தமிழைத் தெலுங்கோடு சோடி சேர்த்தால் தமிழ் நீர்த்துப்போகும் என்று சிலர் அஞ்சுவர். சித்தூர்ப் பகுதிக் கிராமத்துப் பேச்சிலேயே எழுதப்பட்ட நாமினியின் ‘மிட்டூரோடி கதலு’ தெலுங்கு இலக்கியத்தை நீர்த்துப்போகச் செய்யவில்லை; புதிய வாசகரைக் கொண்டுவந்தது. அவை குழந்தைகளுக்கென்று எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் வாயில் புழங்கும் மொழி அச்சில் ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு உள்ளூர்ச் சான்று. நீர்த்துப்போவது வேறோர் இடத்தில்: எல்லைப் பள்ளிக்குத் தமிழ் நூலே வராமலிருப்பதில். தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்துச் சிறு நூல்களை வெளியிட்டது. வயதை விட்டு வாசிப்புத் திறனை அளவாகக் கொண்ட அந்தப் பிரிவு விஜயபுரத்துக்கும் பொருந்தும். ஆனால் அது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கான திட்டம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1997இல் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகமும், திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் தமிழ், தெலுங்குத் துறைகளும் ஆண்டுதோறும் இரு மொழிகளிலும் பரிசு பெறும் நூல்களிலிருந்து ஒரு கதை வீதம் எடுத்து, உரிமை பெற்று, எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடலாம். ஆந்திர அரசு 2020இல் தெலுங்கும் ஆங்கிலமும் எதிரெதிராக வைத்த பாடநூல்களைக் கொடுத்தபின் இந்த அச்சமைப்பு அங்குள்ள ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. எந்தக் கதை என்று முடிவு செய்யும் குழுவில் நகரி, விஜயபுரம், திருத்தணிப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். பாதியில் மூடி வைத்த புத்தகம் எது என்பதை அவர்களைவிட நேர்மையாக யாரும் சொல்லப் போவதில்லை.