பாஸ்

பாஸ்: ஆங்கிலத்திலிருந்து வந்து ஈழத்தமிழ்ப் பேச்சில் நிலைத்த பலபொருட்சொல். மண்கும்பான் முதலிய தீவகக் கிராமங்களிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வழங்குகிறது. பெயராகவும், ‘பண்ணு’ சேர்ந்து வினையாகவும் வரும். சோதனையில் சித்தியடைதல், உதைபந்தாட்டத்தில் சக வீரருக்குப் பந்தைக் கொடுத்தல், பயண அனுமதிச் சீட்டு என்பன முதன்மைப் பொருள்கள்.

இவற்றுள் இறுதிப் பொருளே வரலாற்றுக் கனம் மிக்கது. 1990 முதல் 1995 வரை குடாநாட்டின் பெரும்பகுதியைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த விடுதலைப் புலிகள், வெளியேறுவோர் பாஸ் பெறவேண்டுமென விதித்தனர்; 1996இன் பின் இராணுவமும் அனுமதி முறையை நடைமுறைப்படுத்தியது. நோயாளரின் சிகிச்சையும் மாணவரின் மேற்படிப்பும் அந்தத் தாளில் தங்கியிருந்தன.

மேசன், தச்சர் ஆகியோரைக் குறிக்கும் ‘பாஸ்’ வேறு சொல். அது தலைவன் எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லின் வழிவந்தது. எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஒலிப்பில் முதலெழுத்து வேறுபடும்.