லாட ஆணியும் டயர் காத்தும்

வாழைத்தார் ஏத்துற பிக்கப் வண்டிக்கு எவ்வளவு காத்து வைக்கணும்? களக்காட்டில் ஒரு பதில் வரும், சேரன்மகாதேவியில் இன்னொரு பதில். சித்திரை வெயிலில் கேட்டால் "ரோடு கொதிக்குது அண்ணாச்சி, நாலஞ்சு கம்மியாவே வைங்க" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும். பாரம் ஏத்தின வண்டிக்கு இதைவிட ஆபத்தான யோசனை கிடையாது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

நம்ம ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டைதான் டயர். பட்டையைக் காயவைத்து மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஆனால் வண்டிப் பாரம் முழுக்க ஒரு சின்னக் கோட்டில்தான் தரையில் இறங்கும். கப்பி ரோட்டை அது அரைத்துப் பொடியாக்கியது. போதாக்குறைக்கு மாட்டு லாடத்திலிருந்தும் குதிரை லாடத்திலிருந்தும் கழன்ற ஆணிகள் வழியெங்கும் கிடந்தன.

அந்த ரோட்டில்தான் திருக்குறுங்குடிக்காரர் ஒருவர் பஸ் விட வந்தார். 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி எல்லாம் பார்த்துவிட்டு, 1912-ல் பஸ் தொழிலில் இறங்கினார். பஞ்சர்தான் பெரிய தொல்லை. அவர் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: காந்தம் பொருத்திய ஒரு வண்டியை ரோட்டில் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கி எடுத்தார். டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கம் பேச்சு உண்டு. அந்த நேரந்தவறாமைக்குப் பின்னால் இந்தக் காந்த வண்டிக்கும் பங்கு இருக்கத்தான் செய்யும்.

காற்றடைத்த டயர் அப்போது பழைய சங்கதி. ராபர்ட் தாம்சன் 1845-லேயே காப்புரிமை வாங்கினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் மறுபடி செய்தபோது சைக்கிள்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். லாரி மட்டும் நெடுங்காலம் கட்டி ரப்பரில்தான் ஓடியது. காத்து டயர் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று யாரும் நம்பவில்லை. 1917-ல் குட்இயர் கம்பெனி அமெரிக்காவில் ஆக்ரனிலிருந்து பாஸ்டனுக்குக் காத்து டயர் போட்ட லாரியை ஓட்டிக் காட்டியது. முதல் பயணத்தில் டயர் வெடித்து, ரோட்டில் சிக்கி, ஊர் போய்ச் சேரப் பல வாரம் ஆனது. அப்புறம்தான் நம்பிக்கை வந்தது.

அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. பாரத்தைச் சுமப்பது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காத்து. ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். 65 பிஎஸ்ஐ இருந்தால் டயர் சுமார் 130 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் படியும். 35-தான் இருந்தால் அதே பாரத்துக்கு 240-க்கு மேல் படியணும். அவ்வளவு படிய, டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரணும். நிமிஷத்துக்குப் பல நூறு தடவை. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கையில் சுடுமே, அதே சங்கதிதான். அந்தச் சூட்டில் உள்ளடுக்கு பிரியும், நாலுவழிச் சாலையில் பின் டயர் கிழியும்.

வெயிலில் காத்து விரியாதா என்றால், விரியும். 65 வைத்த டயரில் 10 டிகிரி சூடு ஏறினால் இரண்டரை பிஎஸ்ஐ போலக் கூடும். அதைத் தாங்குவதற்கென்றே டயரைக் கட்டியிருக்கிறார்கள். ஓடிச் சூடான டயரில் அளந்து, "கூடிப் போச்சு" என்று காத்தை இறக்குவதுதான் வம்பு. விடிகாலையில், வண்டி கிளம்புமுன் அளக்கணும்.

யுத்தகாலத்தில் இது எல்லாருக்கும் உறைத்தது. 1942-ல் ஜப்பான் மலேயாவைப் பிடித்ததும் உலக ரப்பரில் பெரும்பங்கு போயிற்று. அமெரிக்காவில் டயரைக் காப்பாற்றவே வேகத்தை 35 மைலுக்குக் கட்டுப்படுத்தினார்கள். இங்கே பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு. கரி வாயுவில் பஸ் ஓட்டக் கருவி செய்து கொடுத்தது டிவிஎஸ். திருக்குறுங்குடி மலைக்கு அந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் இருப்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம்; உங்கள் வண்டிக்கான அளவு அதுவல்ல. அது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், பல வண்டிகளில் கதவோரம் ஒட்டியும் இருப்பார்கள். முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று. சிலதில் காலி வண்டிக்கும் பாரவண்டிக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் தாரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறதே, அது அந்தப் பாரவண்டி அளவில் காத்து இருப்பதால்தான். மறுநாளும் லோடு உண்டென்றால் இறக்காதீர்கள், மெதுவாக வாருங்கள்.